கிக்-ஆஃப் நேரம் தெரியாமல் ரீனோவுக்கு டிக்கெட் போடலாமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். மகள் ரீனோவில், நெவாடா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்கே மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை அவர்கள் மைதானத்திலேயே அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். தேதி இருக்கிறது, நேரம் மட்டும் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று போட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரையும் அழைத்துப் போக ஆசை. சனி இரவு ஒன்பதரைக்குத் திரும்பும் விமானம் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு இணையதளம் 'பகல் 1 மணி ஆட்டம், நேரம் உறுதி' என்று நுழைவுச்சீட்டையும் ஹோட்டலையும் சேர்த்து விற்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த விமானமும் வேண்டாம், அந்தப் பேக்கேஜும் வேண்டாம். மேற்கு மாநிலங்களில் ஒரு சின்ன கான்ஃபரன்ஸில் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்பு) அட்டவணை போடும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஆட்டத்தை நடத்தும் எங்களாலேயே சொல்ல முடியாத நேரத்துக்கு ஒரு தரகர் எப்படி உறுதி கொடுக்கிறார்?

நேரத்தை முடிவு செய்வது பல்கலைக்கழகம் இல்லை, டிவி. சனிக்கிழமை கிழக்கு நேரப்படி பகல் 12 மணி, மாலை மூன்றரை, இரவு ஏழரை, இந்த மூன்றும் முதல் பந்தி. பிக் டென், எஸ்இசி போன்ற பெரியவர்கள் அதில் உட்கார்ந்துவிடுவார்கள். அது முடிந்து இரவு பத்தரைக்குப் பிறகும் சேனல் ஓடத்தானே வேண்டும்? அந்த நேரத்தில் கிழக்கில் யாரும் ஆட மாட்டார்கள். ரீனோவில் அப்போது ஏழரைதான். அதனால் நெவாடா இருக்கும் மவுண்டன் வெஸ்ட் மாதிரியான கான்ஃபரன்ஸுக்கு அந்த நேரம் வந்து விழுகிறது. ஒஹையோ, மிச்சிகன் பக்கம் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் நவம்பர் குளிரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுவதும் இதே கதைதான்.

எங்களைக் கட்டாயப்படுத்தி யாரும் இதைச் செய்யவில்லை, அதுதான் எரிச்சல். 1984ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்புச் சொல்லி டிவி உரிமையைக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவின் பிடியிலிருந்து எடுத்துவிட்டது. அதிலிருந்து அவரவர் ஆட்டத்தை அவரவர் விற்கலாம். பெரியவர்கள் ஆட்டத்தை விற்றார்கள், நாங்கள் தூக்கத்தை விற்றோம். மவுண்டன் வெஸ்ட் 2020ல் சிபிஎஸ், ஃபாக்ஸ் இருவரோடும் போட்ட ஒப்பந்தம் ஆறு வருடத்துக்கு 27 கோடி டாலர். பிக் டென் 2022ல் போட்டது ஏழு வருடத்துக்கு 700 கோடிக்கும் மேல். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு 'எங்கள் பிள்ளைகள் ஊர் திரும்ப விடிகாலை மூன்று மணி ஆகிறது, கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பியுங்கள்' என்று கேட்டால் என்ன பதில் வரும்? கூட்டங்களில் அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: 'நாடு முழுக்க உங்களைப் பார்க்கிறதே!' நள்ளிரவு ஒன்றரைக்கு எந்த நாடு பார்க்கிறது என்று கேட்டவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோடைக்குள் பெரும்பாலான ஆட்டங்களுக்கு நாளும் சேனலும் முடிவாகிவிடும். சனி என்றிருந்தது வெள்ளிக்கு மாறுவதெல்லாம் அநேகமாக அதற்குள் நடந்து முடிந்திருக்கும். சில ஆட்டங்களுக்கு மட்டும் நேரம் தொங்கிக்கொண்டே இருக்கும். அவற்றின் நேரம் சாதாரணமாக 12 நாளுக்கு முன், அதாவது ஒரு வாரம் தள்ளி வரும் சனிக்கிழமைக்கு இந்தத் திங்கட்கிழமை, தெரியும். அன்றும் டிவிக்காரருக்கு மனம் வரவில்லை என்றால் ஆறு நாள் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிறு வரை இழுப்பார்கள். எந்த அணி தோற்கிறது, எது ஜெயிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

எனவே ஏழரை மணி என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். ஆட்டம் மூன்றரை மணி நேரம் பிடிக்கும், அதாவது பதினொன்று. மகள் சீருடை மாற்றி, வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து வெளியே வர நள்ளிரவு ஆகிவிடும். ஒன்பதரை விமானம் என்றால் ஆட்டத்தின் நாலு கால் பாகங்களில் மூன்றாவதைக் கூட நீங்கள் பார்க்க மாட்டீர்கள். வெள்ளி வந்து ஞாயிறு மதியம் கிளம்புங்கள். ஆட்டம் பகலிலேயே நடந்துவிட்டால் மகளோடு ஒரு இரவுச் சாப்பாடு மிச்சம்.

டிக்கெட்டில் ஒரு விஷயம். பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் சாதாரண எகானமிக்கு 2020லிருந்து உள்நாட்டில் மாற்றுக் கட்டணம் வாங்குவதில்லை, கட்டண வித்தியாசம் மட்டும்தான். 'பேசிக் எகானமி' என்று இருபது, முப்பது டாலர் குறைத்துக் காட்டுவார்களே, அதற்கு இந்தச் சலுகை கிடையாது. அதைத் தொடாதீர்கள். ஹோட்டலும் ரத்து செய்யக்கூடியதாகவே இருக்கட்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து உங்கள் பக்கத்துக்கு நேரடி விமானம் இருக்கிறதே, ராத்திரியே காரில் போய்விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அது நாலு மணி நேர ஓட்டம். ஐ-80 சாலை ஏழாயிரம் அடிக்கு மேல் ஏறி டானர் கணவாயைத் தாண்ட வேண்டும். நவம்பரில் அங்கே பனி கொட்டினால் பல நேரம் டயருக்குச் சங்கிலி கட்டாமல் விட மாட்டார்கள்.

இனி தரகர்கள். இவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். 'நேரம் உறுதி' என்று போடுபவர்களில் பாதிப் பேர் கையில் சீட்டே இருக்காது. முதலில் உங்களிடம் காசு வாங்குவார்கள், அப்புறம் விலை இறங்கும் நாளில் எங்கிருந்தாவது வாங்கி அனுப்புவார்கள், கிடைக்காவிட்டால் 'மன்னிக்கவும்' என்று ஒரு மின்னஞ்சல். அடையாளம் சொல்கிறேன்: பகுதி எண் இருக்கும், வரிசை '1 முதல் 20 வரை' என்று இருக்கும், இருக்கை எண் இருக்கவே இருக்காது. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அப்பா இப்படி மூன்று சீட்டுக்கு அறுநூறு டாலர் கொடுத்துவிட்டு, பகல் ஒரு மணிக்கு வாசலில் வந்து நின்றார். ஆட்டம் ஏழே காலுக்கு. கதவு பூட்டியிருந்தது, புல் வெட்டுகிறவர் மட்டும் உள்ளே இருந்தார். அதே வரிசையில் எங்கள் கவுண்டரில் அன்று சீட்டு இருபத்தைந்து டாலர்.

ரீனோவின் மெக்கே மைதானம் சுமார் 27 ஆயிரம் பேர் உட்காரக்கூடியது. இரவு ஆட்டத்துக்கு அது நிரம்பி வழிவதில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்தச் சீட்டு அலுவலகத்தில் நேராக வாங்குங்கள். அதற்கு முன்னால் பேண்ட் பெற்றோருக்கு ஏதாவது ஒதுக்கீடு உண்டா என்று மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. ஹவாய். நீங்கள் போகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் நெவாடாவும் ஹவாயும் ஒரே கான்ஃபரன்ஸ் என்பதால் என்றைக்காவது அந்த அட்டவணை உங்கள் கண்ணில் படும். ஹொனலூலுவில் மாலை ஆறு மணி என்றால் செப்டம்பர், அக்டோபரில் எடிசனில் நள்ளிரவு 12. அங்கே கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது. அதனால் நவம்பர் முதல் ஞாயிறு நாம் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு அதே ஆறு மணி நமக்கு இரவு 11. இப்போது நள்ளிரவு 12 என்பதை எந்த நாளில் போடுவது? போட்டால் ஞாயிறு ஆகிவிடும். ஞாயிறு 12 என்று பார்த்தவர் மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு டிவி முன்னால் உட்காருவார். அதனால்தான் சேனல்கள் 'சனி இரவு 11:59' என்று ஒரு நிமிடம் திருடிப் போடுகின்றன. இன்னொரு கூத்து: அந்தத் தீவுக்குப் போய் ஆடும் அணிக்கு வழக்கமான 12 ஆட்டங்களுக்கு மேல் 13வது ஒன்று ஆட அனுமதி உண்டு. பயணச் செலவை ஈடுகட்டவாம். ஆகவே ஹவாய் பெயர் இருக்கும் வருடத்தில் மட்டும் நான் சொன்ன கணக்கை அப்படியே நம்பாமல் எந்த ஊர் நேரம் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

மாமியாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக அழைத்து வாருங்கள். ரீனோ நாலாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. நவம்பர் ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும். உட்காரும் பெஞ்சு அலுமினியமாக இருந்தால் குளிர் கீழிருந்து ஏறும், தடிமனான மெத்தை ஒன்று கொண்டு வாருங்கள். மைதானத்துக்குள் டிவியின் ஆள் ஒருவர் நிற்பார், பெரும்பாலும் சிவப்புத் தொப்பி. அவர் உள்ளே வந்து நின்றால் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் விலகும் வரை இருபத்திரண்டு பேரும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பேண்ட் வாசிப்பது இடைவேளையில், ஒன்பது மணி வாக்கில். இடைவேளையே மொத்தம் இருபது நிமிடம்தான். அதை டிவி காட்டாது, ஸ்டுடியோவுக்குப் போய்விடும். எடிசனில் உட்கார்ந்து பார்த்தால் மகள் தெரிய மாட்டாள், அதனால்தான் இவ்வளவு சிரமப்பட்டு வரச் சொல்கிறேன். அப்புறம், மொத்தக் கூட்டமும் கழிவறைக்கும் காபிக்கும் எழுந்து போவது அந்த இருபது நிமிடத்தில்தான். மாமியாரை இரண்டாவது கால் பாகம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே அழைத்துப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுங்கள்.