வாசகர் கேள்வி பதில்: அந்தப் பொண்ணுக்கு சொந்தக்காரங்க யாருமே இல்லையா?

கேள்வி: என் மக கொடுத்து ஒரு இங்கிலீஷ் நாவல் படிச்சேன். அமெரிக்கால ஃபாஸ்டர் கேர்ல (பெத்தவங்ககிட்டேந்து பிரிச்ச பிள்ளைங்கள அரசாங்கம் வேற வீடுகள்ல தற்காலிகமா வளர்க்க விடற ஏற்பாடு) வீடு வீடா மாத்தப்படுற ஒரு ஒஜிப்வே பழங்குடிப் பொண்ணோட கதை, மர்மக் கதைதான் ஆனா பாதிலயே அழுதுட்டேன். குற்றவாளி யாருங்கறதை விட வேற ஒரு கேள்விதான் மண்டையக் குடையுது, இவ்வளவு பெரிய சாதிசனம் இருக்கற பொண்ணு எப்படி முன்ன பின்ன தெரியாதவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிறா? "இக்வா"னு ஒரு சட்டம் அடிக்கடி வருதே, அது என்ன?

பதில்: நீங்க கேட்டதுதாங்க இந்த மாதிரி கதைகள்ல நிஜமான மர்மமே. குற்றவாளி யாருன்னு கடைசில தெரிஞ்சுடும், ஆனா அவ யார் வீட்டுப் பொண்ணுங்கற விஷயம் எந்த ஃபைல்ல விட்டுப்போச்சு, யார் கேக்காம விட்டாங்க, அந்த இடம்தான் நெஞ்சை அடைக்குது.

ஒஜிப்வே மக்கள் சுப்பீரியர் ஏரியச் சுத்தி இருக்கறவங்க, மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, அந்தப் பக்கம் கனடால ஒன்டாரியோனு. இவங்க மட்டும் இல்ல, அமெரிக்கா முழுக்க பழங்குடி வீடுகள்லேந்து பிள்ளைங்களப் பிரிச்சு எடுத்துட்டுப் போனது நீண்ட கதை. 1879ல பென்சில்வேனியால கார்லைல்னு ஒரு போர்டிங் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அங்க பிள்ளைங்க முடிய வெட்டி, பேரை மாத்தி, சொந்த பாஷை பேசினா தண்டனை. அதே மாதிரி ஸ்கூல்கள் நிறைய வந்துச்சு. அப்புறம் 1958லேந்து 1967 வரைக்கும் அரசாங்கமே ஒரு தத்துத் திட்டம் நடத்தி 395 பழங்குடிப் பிள்ளைங்கள பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் கொடுத்துச்சு. 1970கள்ல கணக்கெடுத்தப்ப பழங்குடிப் பிள்ளைங்கள்ல 25லேந்து 35 சதவீதம் பேர் வீட்ட விட்டுப் பிரிக்கப்பட்டிருந்தாங்க. நாலு பேர்ல ஒருத்தர், இல்ல மூணு பேர்ல ஒருத்தர்ங்க, எழுதும்போதே கை நிக்குது.

காரணம் எல்லாம் அடி உதைதான்னு நினைக்காதீங்க. பாட்டிகிட்ட பிள்ளைய விட்டுட்டு அம்மா வேலைக்குப் போனா அதையே "கவனிக்கல"னு எழுதிட்டாங்க, வீடு சின்னது ஆளு அதிகம்னு எழுதிட்டாங்க. சோஷியல் வொர்க்கருக்குக் குடும்பம்னா அப்பா அம்மா பிள்ளை மட்டும்தான்.

இதைத் தடுக்கத்தான் 1978ல இண்டியன் சைல்டு வெல்ஃபேர் ஆக்ட் வந்துச்சு, அதைத்தான் சுருக்கி இக்வாங்கறாங்க. இங்க இண்டியன்னா நம்ம ஊர்க்காரங்க இல்ல, அமெரிக்கப் பழங்குடிகள். பிள்ளைய எடுக்கறதுன்னா ட்ரைபுக்கு, அதாவது அந்தப் பிள்ளையோட பழங்குடிச் சமூகத்துக்கு, தகவல் கொடுக்கணும், குடும்பம் பிரியாம இருக்க உண்மையாவே முயற்சி பண்ணணும், தத்துக் கொடுக்கற நிலைமை வந்தா முதல்ல உறவுக்காரங்க, அடுத்து அதே ட்ரைப், அதுக்கும் அப்புறம் வேற பழங்குடிக் குடும்பம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி, யார் யார் உறவுங்கறதை அந்தப் பிள்ளையோட ட்ரைப் வழக்கப்படிதான் பாக்கணும்னு சொல்ற வரி.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், நம்ம பாஷைக்கும் இதுல பங்கு இருக்கு. லூயிஸ் ஹென்றி மார்கன்னு ஒரு ஆய்வாளர், 1858ல மிச்சிகன்ல மார்க்வெட் ஊர்ல ஒஜிப்வே மக்கள்கிட்ட உறவுப் பேர்களக் கேட்டு எழுதினவர், அடுத்த வருஷமே தமிழ் உறவுப் பேர்கள் அவர் கைக்கு வந்தப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போகுதேனு அசந்து போயிட்டார். அம்மாவோட அக்கா தங்கச்சி பிள்ளைங்க கூடப்பிறந்தவங்க கணக்கு, மாமா அத்தை பிள்ளைங்க வேற கணக்கு. ஒஜிப்வேல "நீனிமோஷே"னு ஒரு வார்த்தை இருக்கு, அத்தை மகன், மாமன் மகள்னும் அர்த்தம், காதலன் காதலினும் அர்த்தம். நமக்கு விளக்கவே வேண்டாம் இல்லையா. அப்ப அந்தப் பொண்ணோட பெரியம்மா மகளை "கசின்"னு ஃபாரத்துல எழுதி ஒதுக்கிட்டா, அங்க தொலையறது ஒரு அக்காங்க.

அப்புறம் ஏன் இப்பவும் நடக்குதுனு கேப்பீங்க. பிள்ளை ட்ரைப்ல மெம்பரா இருக்கணும், இல்ல மெம்பர் ஆகத் தகுதி இருந்து பெத்தவங்கள்ல ஒருத்தராவது மெம்பரா இருக்கணும், அப்பதான் சட்டம் செல்லும். அப்பா பேர் பதிவுல இல்லைனா, யாரும் வாயத் திறந்து கேக்கலைனா, ட்ரைபுக்கு லெட்டரே போகாது. அங்க பாட்டி தேடிட்டு இருப்பா, இங்க பிள்ளை கருப்புக் குப்பைப் பையில துணிய அடைச்சுகிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தக் குப்பைப் பை கற்பனை இல்ல, ஃபாஸ்டர் கேர்ல வளர்ந்தவங்க நிறைய பேர் சொல்றது அது, பெட்டி வாங்கித் தர ஆள் இல்ல, துணியும் பொம்மையும் குப்பை மாதிரி கட்டி கார் டிக்கில போடுவாங்க.

கேள்வி: ஒரு இனத்துக்கு மட்டும் தனிச் சட்டம் போட்டா அது பாகுபாடு இல்லையா? தப்பா நினைக்காதீங்க, புரியாமதான் கேக்கறேன்.

பதில்: தப்பே இல்ல, அங்க இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ட்ரைபுங்கறது அந்த நாட்டு சட்டத்துல வெறும் இனம் கிடையாது, அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்ட, தனக்குனு கோர்ட்டும் நிர்வாகமும் இருக்கற ஒரு அரசியல் சமூகம், தங்கள் பிள்ளைங்களப் பத்திப் பேச அதுக்கு உரிமை உண்டு, இதுதான் பழங்குடிகள் பக்க வாதம். 2023 ஜூன்ல 7க்கு 2னு தீர்ப்பு வந்துச்சு, சட்டம் நிக்குது. பாகுபாடுங்கற வாதத்துக்குள்ள மட்டும் கோர்ட் போகல, வழக்குப் போட்டவங்களுக்கு அதை எழுப்பத் தகுதி இல்லைனு விட்டுடுச்சு, அதனால அந்தக் கேள்வி திரும்ப வரலாம். மிச்சிகன், மினசோட்டா மாதிரி மாநிலங்கள் இதே பாதுகாப்ப சொந்த சட்டமாவும் வச்சிருக்காங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 13 வயசு, இந்த மாதிரி நாவல் கொடுக்கலாமா?

பதில்: முதல்ல நீங்க படிங்க. வன்முறையும் சில வீடுகள்ல பிள்ளைங்களுக்கு நடக்கற கொடுமையும் வரும், எந்த இடத்துல வருதுன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க. கொடுத்தப்புறம் அவ படிக்கும்போது பக்கத்துலயே இருங்க, அவளா ஏதாவது கேட்டா புத்தகத்த மூடச் சொல்லாம பதில் சொல்லுங்க.