வைரஸ் ஏற்பி ஆய்வுக்குப் போக நினைக்கும் மகளும் உங்கள் இரண்டு கவலைகளும்

வைரஸ் படிப்பு என்றதும் பெற்றோர் கேட்பவை இரண்டு: நோய் தொற்றிவிடாதா, வேலை கிடைக்குமா? உங்கள் மகள் விரும்புவது செல் சவ்வில் உள்ள கடத்துப் புரதங்களின் அமைப்பை ஆராய்வது. ஒரே ஒரு புரதத்தைக் கொண்டே இரண்டுக்கும் பதில் சொல்லலாம்.

கல்லீரல் செல்லின் சவ்வில் இருக்கும் என்டிசிபி (NTCP) என்ற கடத்துப் புரதம், ரத்தத்திலிருந்து பித்த உப்பைச் சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கிறது. 349 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. சவ்வை 9 முறை ஊடுருவி நிற்கிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றிக்கொண்டு நுழையும் வாசலும், அதாவது அதன் ஏற்பியும், இதுதான் என்பது 2012இல் தெரியவந்தது. 158ஆம் இடத்தில் மனிதருக்கு இருப்பது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே சிறியது. மக்காக் குரங்குக்கு அங்கே பருத்த ஆர்ஜினின். வைரஸால் பற்ற முடியாமல் போக அதுவே போதும்.

இந்தப் பிடிப்பைப் படமாக்க முழு வைரஸ் தேவையில்லை. அதன் மேலுறைப் புரதத்தின் நுனியிலிருந்து 47 அமினோ அமிலத் துண்டு போதும். அது யாருக்கும் தொற்றாது. அந்தத் துண்டை ஒட்டி உருவான புலெவிர்டைடு, அதே மேலுறையைப் போர்த்திக்கொண்டு வரும் ஹெபடைட்டிஸ் டி வைரஸுக்கான மருந்தாக 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. மருந்து நிறுவனங்களுக்கு இத்துறை ஆட்கள் தேவைப்படுவது இதனால்தான்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தெடுக்க, சோப்பு போன்ற டிடர்ஜென்ட் சேர்க்க வேண்டும். அது பொருந்தாவிட்டால் புரதம் குலைந்து ஒன்றோடொன்று திரண்டுவிடும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் குழாயில் (column) அந்தத் திரள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியேறும். நல்ல புரதமோ சற்றுப் பின்னால், வரைபடத்தில் ஒற்றை முகடாக வரும். மாதக்கணக்கில் இங்கேயே நின்றுவிடுபவர்கள் உண்டு. புரதம் நன்றாக வந்தாலும், என்டிசிபி அளவுக்குச் சிறியது மாதிரியை உறையவைத்துப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் டிடர்ஜென்ட் உறைக்குள் அடையாளமின்றி மறைந்துவிடும். அதனால் ஆன்டிபாடித் துண்டையோ நானோபாடி என்ற குட்டி ஆன்டிபாடியையோ ஒட்டவைத்துப் படமெடுக்கிறார்கள்.

ஆகவே இளங்கலையில் உயிர்வேதியியலும் இயற்பியல் அடிப்படையும் அவசியம். படங்களைக் கணினியில்தான் அலச வேண்டும் என்பதால், லினக்ஸும் பைத்தானும் இரண்டாம் ஆண்டிலேயே பழகட்டும். எம்பியார் (EMPIAR) என்ற பொதுக் களஞ்சியத்தில் அசல் மைக்ராஸ்கோப் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து புரதத்தின் வடிவத்தை உருவாக்கும் ரெலியான் (RELION) மென்பொருளும் இலவசமே.

முதுகலைக்கு இடம் தேடும்போது மைக்ராஸ்கோப்பின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த ஆய்வகத்தின் மாணவர்களிடமே மகள் கேட்கட்டும்: சவ்வுப் புரதத்தை நீங்களே பிரித்தெடுக்கிறீர்களா, அல்லது வேறு யாராவது தயாரித்துத் தருகிறார்களா?