மரியா காலஸ்: எந்தப் பதிவு, எப்படிக் கேட்பது?

கே: கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காது. ஓபரா (மேலைநாட்டு இசை நாடகம்) பாடகி காலஸ் பாடிய ‘டோஸ்கா’ ஓபரா ஸ்டுடியோ பதிவாகவே இரண்டு கிடைக்கிறது. எதில் தொடங்கலாம்?
(வாசகர், திருச்சி)

ப: சந்தேகமே வேண்டாம், 1953-ல் எடுத்ததுதான். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில், விக்டர் டி சபாட்டா வாத்தியக் குழுவை நடத்த, டீட்டோ கோபியும் ஜுசெப்பே டி ஸ்டெஃபனோவும் உடன் பாடியது. மோனோதான், அதாவது ஒரே தடத்தில் பதிந்த ஒலி. 1964-ல் பாரிஸில் எடுத்த இரண்டாவது பதிவு ஸ்டீரியோ. ஒலி விரிந்து கேட்கும். ஆனால் குரல் அதற்குள் தேய்ந்துவிட்டது.

முதல் அங்கத்தை விட்டுவிட்டு நேரே இரண்டாம் அங்கத்துக்குப் போங்கள். சுமார் 40 நிமிடம். இத்தாலியச் சொற்களும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை, மூடி வைத்துவிட்டு ஒரு தடவை கேளுங்கள். ‘விஸ்ஸி தார்த்தே’ பாட்டை மட்டும் தனியாகக் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் நிறைய. அடுத்த அறையில் கதாநாயகி டோஸ்காவின் காதலனைச் சித்திரவதை செய்கிறார்கள். எதிரே நிற்கும் போலீஸ் தலைவன் ஸ்கார்பியா, காதலன் உயிருக்கு விலையாக அவளையே கேட்கிறான். அதற்குப் பிறகு வருகிற பாட்டு அது. ஸ்கார்பியாவை அவள் குத்திக் கொன்றபின் ‘இவன் முன்னால்தான் ரோம் முழுக்க நடுங்கியது’ என்ற ஒரு வரி வரும். அந்த இடத்தில் காலஸ் கத்துவதில்லை. தாழ்ந்த குரலில், ஏறக்குறைய ஒரே சுரத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்.

கே: உச்சத்தில் காலஸின் குரல் ஆடுகிறது. தட்டு பழுதா, என் ஸ்பீக்கர் பழுதா?
(வாசகி, கோயம்புத்தூர்)

ப: இரண்டும் இல்லை, குரலே அப்படித்தான். ஓபராக் குரலில் இயல்பாக இருக்கும் அசைவு வினாடிக்கு ஐந்து முதல் ஏழு தடவை. அந்த வேகத்தில் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. குரலின் செழுமையாகவே எடுத்துக்கொள்கிறது. மூச்சின் பிடி தளரும்போது அசைவு மெதுவாகி அகலமும் ஆகிவிடும். அப்போதுதான் ‘ஆடுகிறது’ என்கிறோம். இதைக் கமகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கமகம் பாடுபவர் நினைத்துப் போடுவது. இது அவர் கையை மீறி வருவது.

‘நோர்மா’ ஓபராவின் இரண்டு ஸ்டுடியோ பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 1954, 1960 இரண்டுக்குமே துல்லியோ செராஃபின்தான் நடத்துநர். ‘காஸ்தா தீவா’ பாட்டில் ஒரே மேல் சுரத்தை மாற்றி மாற்றி அழுத்தி, வலிவை ஏற்றிக்கொண்டே போய் அடுத்த அரைச்சுரத்தில் உச்சத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. 1954-ல் அது ஒரே மூச்சில் உறுதியாக ஏறுகிறது. 1960-ல் உச்சியில் அசைவு தெரிகிறது. ஆனால் உடனே கீழே இறங்கும் சுரங்களைக் கவனியுங்கள்: ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாக விழும், வரிசை மட்டும் அறுவதே இல்லை. நல்ல பிருகா கேட்டு வளர்ந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1954. உடன் பாட ஃபிராங்கோ கொரெல்லியும் கிறிஸ்டா லுட்விக்கும் இருப்பதால் 1960-ஐ ஒதுக்கவும் மனம் வராது. மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்போது காலஸின் குரல் நிறமே மாறி, வேறொரு பெண் பாடுவதுபோல் இருக்கும். அந்த ஒட்டு தெரிவது குறை என்பவர்கள் உண்டு. மறைக்காமல் அதையே நடிப்புக்குப் பயன்படுத்தினார் என்பதுதான் எங்கள் கட்சி.

கே: மேடைப் பதிவுகள் இணையத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் கேட்கின்றன. எது சரி?
(வாசகர், மதுரை)

ப: பழைய டேப்பைத் தவறான வேகத்தில் ஓட்டி நகலெடுத்ததால் வரும் கோளாறு. தம்புரா செயலி இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ‘காஸ்தா தீவா’வை காலஸ் பாடுவது 4 கட்டை. இதை இயற்றிய பெல்லினி முதலில் எழுதியது 5 கட்டையில் என்றாலும் 4-க்கு இறக்கிப் பாடுவதே வழக்கம். ‘விஸ்ஸி தார்த்தே’ 2½ கட்டை. தம்புராவை வைத்துவிட்டு, பாட்டின் கடைசி சுரம் ஆதார ஷட்ஜத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். மயிரிழை வித்தியாசத்தை விட்டுவிடலாம். அரங்குக்கு அரங்கு சுருதி சற்றே மாறும்.

அரைக் கட்டை ஏறியிருந்தால் டேப் கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. ஏழு நிமிடப் பாட்டு 24 வினாடி முன்னதாகவே முடிந்துவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திருத்துவதானால் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியில் 0.944 என்று கொடுங்கள். சுருதியை மட்டும் இறக்கினால் காலப்பிரமாணம் தவறாகவே நிற்கும். குரலிலும் ஒரு செயற்கைத்தனம் ஏறும்.

கே: பழைய கடையில் வாங்கிய காலஸின் 1953 ‘லூச்சியா’ ஓபரா எல்.பி.யில் ‘ஸ்டீரியோ’ என்று போட்டிருக்கிறது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது.
(வாசகர், கொழும்பு)

ப: அது போலி ஸ்டீரியோ. மோனோ பதிவின் கனத்த ஒலியை ஒரு பக்கமும் கீச்சொலியை மறுபக்கமும் பிரித்து, எதிரொலி சேர்த்து விற்றார்கள். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். குரல் நடுவுக்கு வரும், கீறல் சத்தமும் கொஞ்சம் அடங்கும். சேர்த்த எதிரொலி மட்டும் போகாது. காலஸ் 1956 வரை பாடிய ஸ்டுடியோ ஓபராக்களை மோனோ என்று போட்டிருக்கும் தட்டாகப் பார்த்து வாங்குவதே நல்லது. அல்லது அபே ரோடு ஸ்டுடியோவில் புதுப்பித்து 2014-ல் வார்னர் வெளியிட்ட தொகுப்பு.

கே: ‘லா திராவியாதா’ ஓபராவை இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்துக்கு காலஸ் ஏன் பாடவில்லை?
(வாசகி, சென்னை)

ப: 1953-ல் செத்ரா நிறுவனத்துக்குப் பாடிவிட்டார். அதே ஓபராவைச் சில ஆண்டுகளுக்கு வேறு நிறுவனத்துக்குப் பாடக்கூடாது என்று ஒப்பந்தம். எனவே 1955-ல் இ.எம்.ஐ. பாடகி அந்தோனியெத்தா ஸ்டெல்லாவை வைத்து எடுத்தது. செத்ரா பதிவில் உடன் பாடியவர்களும் வாத்தியக் குழுவும் சுமார்தான். மேடைப் பதிவுக்குப் போங்கள்: 1955 லா ஸ்காலா (ஜூலினி நடத்தியது, ஒலி மங்கல்), 1958 மார்ச் லிஸ்பன், 1958 ஜூன் லண்டன். லிஸ்பனில் உடன் பாட அல்ஃப்ரெடோ கிராவுஸ் இருக்கிறார். வரி எடுத்துக் கொடுப்பவரின் குரலும் கூடவே கேட்கும், பொருட்படுத்த வேண்டாம். லண்டனில் ‘அத்தீயோ தெல் பஸ்ஸாத்தோ’ முடிவில் மேல் சுரத்தை நூலிழையாக நீட்டுகிறார். அது அறுந்துவிடுமோ என்று தோன்றும். சாகக் கிடக்கும் கதாநாயகி வியோலெத்தா பாடுகிற பாட்டு என்பதால் பொருந்தித்தான் போகிறது. மூன்றில் எங்கள் ஓட்டு லண்டனுக்கு.