துணைக்கு வருகிறவரின் கோப்பு: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் மூன்று. மூன்றையும் எழுதியவர்கள் பெண்கள். மூன்றுமே கணவரின் வைத்தியம் பற்றியவை. இருவர் கடல் கடந்து வேலூருக்கு வருகிறவர்கள். ஒருவர் இங்கிருந்து கடல் கடந்து போக நினைப்பவர்.

கேள்வி: என் கணவருக்கு இரண்டு கிட்னியும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ் நடக்குது. வேலூரில் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யலாம் எண்டு சொல்லியிருக்கினம். அவரின்ர தங்கச்சி, என்ர மச்சாள், கிட்னி குடுக்கச் சம்மதம். துணைக்கு நான் வாறன். மூண்டு பேரும் ஈ-வீசா எடுத்தால் போதுமோ? என்ன என்ன கொண்டுவர வேணும்?
– வாசகி, கொக்குவில், யாழ்ப்பாணம்

பதில்: போதாது, சகோதரி. மருத்துவ ஈ-வீசாவும் துணைக்கு வருகிறவரின் ஈ-வீசாவும் வந்து இறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குத்தான். கிட்னி மாற்றில் முதலில் இருவருக்கும் பரிசோதனைகள், பிறகு அனுமதிக் குழு, ஆபரேஷன், அதன்பின் பெரும்பாலும் மூன்று மாதம் பக்கத்திலேயே தங்கிக் கண்காணிப்பு. யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கே பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் சாதாரண மருத்துவ வீசாவுக்கு விண்ணப்பியுங்கள். சுற்றுலா வீசாவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உறுப்பு மாற்றுக்கு மருத்துவ வீசா கட்டாயம்.

ஆஸ்பத்திரியின் அழைப்புக் கடிதத்தில் மூன்று பேரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். அதில் மச்சாள் பெயருக்கு நேரே ‘கொடையாளர்’ என்று எழுதி வாங்குங்கள். ‘துணை’ என்று எழுதிவிட்டால் பிறகு ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். கடிதத்தைக் காட்டி, அவருக்கு எந்த வகை வீசா என்பதைத் தூதரகத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேராக வாருங்கள். ஆபரேஷன் அன்று அண்ணன் ஒரு வார்டில், தங்கை ஒரு வார்டில். இருவருமே நோயாளிகள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. கிட்னி கொடுத்தவர் ஏறக்குறைய ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர்கூட வேண்டாம். ஒரு நோயாளிக்கு இரண்டு துணை வீசா வரை தருவார்கள். இரண்டாவதை மச்சாளின் கணவரோ உங்கள் சகோதரியோ எடுத்துக்கொள்ளட்டும்.

வேலை அதிகம் நின்றுபோவது உறவுச் சான்றில்தான். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்கள் நாட்டுத் தூதரகம் தரும் உறவுச் சான்றை ‘ஃபார்ம் 21’ என்பார்கள். சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஆணையகத்தில் கேளுங்கள். அதற்கு அடிப்படை இருவரின் பிறப்புச் சான்றிதழ்கள். இரண்டிலும் தாய் தகப்பன் பெயர் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஒன்றில் ‘கந்தையா’, இன்னொன்றில் ‘கந்தய்யா’ என்று இருந்தால், ஊரிலேயே சத்தியக் கடதாசி முடித்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிநாட்டு அமைச்சின் கான்சுலர் பிரிவில் அத்தாட்சி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். இங்கே வந்தபின் இதைச் சரிசெய்யக் கிளம்பினால், அவருக்கு வாரம் மூன்று டயலிசிஸ் செலவோடு காத்திருக்க வேண்டும். அனுமதிக் குழு கொடையாளரிடம் நேரில் பேசும், வீடியோவில் பதிவும் செய்யும். மச்சாள் தன் சொந்த வார்த்தையில் பேசட்டும், மனப்பாடம் வேண்டாம்.

பணம்: இந்தியாவில் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தராது. ஆஸ்பத்திரிக்கும் அதே விதிதான். பெரிய தொகையை வங்கி மூலம் அனுப்பும் வழியை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டாலர் நோட்டாக 5,000-க்கு மேல் கையில் இருந்தால் விமான நிலையத்தில் அறிவித்து முத்திரை வாங்குங்கள்.

அறை எடுக்கும் முன் ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்த வளாகம் என்று பாருங்கள். சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் சில பிரிவுகள் 2022-இல் திறந்த ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கின்றன. அது தெரியாமல் வேலூர் நகரத்துத் தோட்டப்பாளையத்தில் ஒரு மாத வாடகை கட்டிவிட்டுத் தினமும் போய்வருகிறவர்கள் உண்டு. விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று கேட்டால் தெரியும். அதன் அச்சுப்பிரதியை, உங்களுடையதையும் சேர்த்து, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீசா நீட்டிப்புக்கு அது வேண்டும். நோயாளியின் வீசாவை நீட்டிவிட்டு, துணைக்கு வந்தவருடையதை மறந்துவிட்டு, ஊர் திரும்பும் நாளில் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், முடிவதற்கு முன்பே.

ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் கையில் ஒரு நீள நோட்டு இருக்கட்டும். இடது பக்கம் குடித்தது, வலது பக்கம் போன சிறுநீர், மேலே காலை எடையும் ஜுரமும். புதுக் கிட்னியை உடல் தள்ளாமல் தடுக்கும் மாத்திரை டாக்ரோலிமஸ், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ரத்தத்தில் அதன் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. வழக்கம்போல எழுந்ததும் கொடுத்துவிட்டால் அளவு பொய்யாக ஏறித் தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடக்கூடும். அப்படிக் குறைத்தால் புதுக் கிட்னியை உடல் தள்ளிவிடும் அபாயம். பம்ளிமாஸ் பழம் ஆகாது. அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கும் அப்படித்தான், அன்றே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் குறைந்தால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறும்.

கேள்வி: கணவருக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் இருக்கிறோம். அடுத்த சுற்று வரை நான் எதைப் பார்த்துக்கொள்ள வேணும்? ரத்தம் தர ஆட்கள் கேட்கிறார்கள், எங்களுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது.
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். கீமோவுக்குப் பிறகு சுமார் 7 முதல் 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காட்டினால் விடியட்டும் என்று காத்திராமல், இரவு 2 மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீமோ தேதி எழுதிய சீட்டை முதலில் காட்டுங்கள். அளந்து பார்க்காமல் பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஜுரம் மறைந்துவிடும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

அந்தப் பக்கத்து லாட்ஜ்கள் பலவற்றில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். கொதிக்க வைத்த தண்ணீர், அப்போது வடித்த சோறு, நன்றாக வெந்த கறி போதும். வெட்டி விற்கும் பழம், பச்சைச் சட்னி, காலையில் வைத்து மாலையில் எடுக்கும் குழம்பு வேண்டாம். அறைச் சுவர் ஓதமேறிப் பூத்திருந்தாலோ, பக்கத்தில் கட்டிடம் இடிபட்டாலோ அறையை மாற்றுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை அவர் நுரையீரலில் இறங்கிவிடும்.

ரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் தட்டணுவை (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்ப ஆள் கேட்கிறார்கள். உங்களுக்கு யாரையும் தெரியாது என்பதை ரத்த வங்கியின் சமூகப் பணியாளரிடம் நேராகச் சொல்லுங்கள். அதே லாட்ஜில் இருக்கும் மற்ற குடும்பங்களோடும் பேசுங்கள். ஒருவருக்கொருவர் ஆள் மாற்றிக் கொடுப்பது இங்கே வழக்கம். கொடுப்பவர் மூன்று நாளாக ஆஸ்பிரின் எடுத்திருக்கக் கூடாது. கணவரின் அண்ணன் தம்பி முன்வந்தால் மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். நாளைக்கு எலும்பு மஜ்ஜை தர வேண்டியவர்கள் அவர்களாக இருக்கலாம், முன்பே அவர்கள் ரத்தம் ஏறியிருந்தால் அந்த மஜ்ஜையை உடல் ஏற்காமல் போகக்கூடும்.

நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் முதலில் ஒட்டிக்கொள்வது அவருக்குத்தான்.

கேள்வி: கணவர் துபாயில் வேலை செய்கிறார். மூளையில் ரத்தக் கசிவு, ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் இருக்கிறார். உடனே வேலூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் போகவா, அவரை வரவழைக்கவா?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: போங்கள். அவசரப்பட்டுக் கொண்டுவராதீர்கள். மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன் செய்தால் உள்ளே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். விமானம் மேலே ஏறும்போது அந்தக் காற்று ஏறக்குறைய 30 சதவீதம் விரிந்து மூளையை அழுத்தும். காற்று கரைந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தபிறகு, பறக்கத் தகுதி உண்டு என்று அங்குள்ள மருத்துவர் ‘மெடிஃப்’ படிவத்தில் எழுதித் தர வேண்டும். விமானக் கம்பெனியின் மருத்துவரும் அதை ஏற்க வேண்டும். ஸ்ட்ரெச்சருக்குப் பொதுவாக ஆறு முதல் ஒன்பது இருக்கை போகும், கூட நர்ஸோ மருத்துவரோ வர வேண்டும். நாம் கொண்டுபோகும் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்ற மாட்டார்கள், கம்பெனிதான் தர வேண்டும்.

2025 ஜனவரி முதல் அந்த நாட்டில் எல்லா அமீரகங்களிலும் முதலாளி உடல்நலக் காப்பீடு எடுத்துத்தர வேண்டும். அந்த அட்டையின் எண்ணை இன்றே அவருடைய அறைத்தோழரிடம் கேட்டு வாங்குங்கள். காப்பீடு தீர்ந்துபோய்க் கையில் எதுவும் இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அவருக்கு நினைவு தெளிந்தால், வங்கிக்கான பவர் பத்திரத்தில் தூதரக அதிகாரி முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நினைவு இல்லாத நிலையில் அதை யாராலும் வாங்க முடியாது.

உங்கள் பையில் வலி மாத்திரையாக டிரமடால் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் கைது வரை போகும்.

அவரை அழைத்து வரும் நாளில், சேர்த்துக்கொள்கிறோம் என்று இங்குள்ள ஆஸ்பத்திரி எழுதிய கடிதம் கையில் இருக்கட்டும். சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் சுமார் 130 கிலோமீட்டர், ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 5 மணி நேரம் வரும், 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம்தான். மூன்று மணி நேரப் பயணத்துக்கே அது போதாது, வழியில் லாரி நெரிசலில் நின்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு சிலிண்டர் ஏற்றச் சொல்லுங்கள், வண்டி கிளம்பும் முன் இரண்டின் மீட்டரையும் நீங்களே பாருங்கள்.