அண்ணன் எல்டரா, ஓல்டரா?

கேள்வி: ஐந்தாம் படிவம் படிக்கும் என் மகள் கட்டுரையில் ‘மை பிரதர் இஸ் எல்டர் தேன் மீ’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘எல்டர் பிரதர்’ சரியென்றால் இது மட்டும் ஏன் தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஆசிரியை அடித்தது சரிதான், அம்மா. எல்டர், ஓல்டர் இரண்டுமே ‘ஓல்ட்’ என்ற சொல்லின் வழி வந்தவை. எல்டர் பழைய வடிவம். பின்னால் வந்த ஓல்டர் மற்ற இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. எல்டருக்கு இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் உறவுப் பெயருக்கு முன்னால் உள்ள இடம்தான்: எல்டர் பிரதர், எல்டர் சிஸ்டர். ‘தேன்’ போட்டு ஒப்பிட்டால் ஓல்டர்தான் வரும்: ‘மை பிரதர் இஸ் ஓல்டர் தேன் மீ.’

‘மூத்த மகன்’, ‘என்னைவிட மூத்தவர்’ என்று தமிழில் ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்த்துவிடுகிறது. பிள்ளைகள் தடுமாறுவது அதனால்தான்.

வயது வித்தியாசத்தைச் சொல்லும்போது இன்னொரு பிழை வரும். ‘ஹி இஸ் ஓல்டர் தேன் மீ டூ இயர்ஸ்’ என்பார்கள். ‘டூ இயர்ஸ் ஓல்டர் தேன் மீ’ என்று எண் முன்னால் வர வேண்டும். ‘இரண்டு வயது மூத்தவர்’ என்று நாம் சொல்லும் அதே வரிசைதான். மலாய் மொழியில் ‘அதிக மூத்த’ என்ற பொருளில் வரும் ‘லெபே துவா’வை மனத்தில் வைத்து ‘மோர் ஓல்டர்’ என்று எழுதுவதும் உண்டு. ஓல்டரிலேயே ‘மோர்’ அடங்கிவிட்டது. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘மச் ஓல்டர்’ எனலாம்.

வேலை விண்ணப்பத்தில் ‘எல்டர் சன்’ என்று எழுதினால் வீட்டில் ஆண்பிள்ளைகள் இருவர் என்றே படிப்பவர் நினைப்பார். மூவரோ அதற்கு மேலோ இருந்தால் ‘எல்டஸ்ட் சன்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

வீடு, பால்மரம், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஓல்டர்தான். ‘எல்டர் ட்ரீ’ என்றால் அது வேறொரு மரவகையின் பெயராகிவிடும்!

கேள்வி: ‘ஓல்ட் பீப்பிள்’ என்பதற்குப் பதிலாக ‘ஓல்டர் பீப்பிள்’ என்று எழுதுகிறார்களே, யாரைவிட?
– வாசகர், பகாவ்

பதில்: யாரையும்விட இல்லை. இங்கே ஒப்பீடு கிடையாது, மரியாதைதான். ‘ஓல்ட்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதன் கடுமையை ஓல்டர் குறைக்கிறது. நம் நாட்டில் 60 வயதைத் தொட்டவர்களை ‘வார்கா எமாஸ்’ (பொன் குடிமக்கள்) என்று சொல்வதும் இதே நோக்கில்தான். ‘எல்டர்ஸ்’ என்பது வேறு. வயதோடு வாக்கும் மதிப்பும் உள்ள பெரியவர்களை அது குறிக்கும். கோயில் திருவிழாவில் நாற்காலி ஒதுக்கும் அறிவிப்பு என்றால் ‘ஓல்டர் பீப்பிள்’ என்று போடுங்கள். பரிவட்டம் கட்டப்போகும் ஊர்ப் பெரியவர்களென்றால் ‘எல்டர்ஸ்’.