போர்ட்ரெய்ட் ரீடச்சிங்: ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆகிறது, எப்படிக் குறைப்பது?

நேரத்தில் பெரும்பகுதி, செய்த வேலையையே திரும்பச் செய்வதில்தான் போயிருக்கும். தோலைச் சுத்தம் செய்து முடித்தபின் தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ள லிக்விஃபைக்கு (முக வடிவத்தை நகர்த்தும் கருவி) போனால், மேலே இருக்கும் ஹீலிங் லேயர்கள் (பருக்களை அழித்த திருத்த அடுக்குகள்) முகத்தோடு பொருந்தாமல் விலகி நிற்கும். அதனால் முதலில் வரிசையைச் சரிசெய்யுங்கள். நான் சொல்வது போட்டோஷாப் கணக்கு. மற்ற மென்பொருள்களில் பெயர்கள் மாறும், வரிசை மாறாது.

முதலில் தேவையில்லாத படங்களைக் கழித்துக்கட்டுங்கள். கொடுக்கப்போகும் படங்களை மட்டும் ரீடச்சுக்கு எடுங்கள். ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களில் ஒன்றுக்கு, லைட்ரூம் போன்ற மென்பொருளில், வெள்ளைச் சமநிலை, எக்ஸ்போஷர், லென்ஸ் திருத்தம் பார்த்துவிட்டு அதே அமைப்பை மற்றவற்றுக்கு சின்க் செய்யலாம். ஷார்ப்பனிங்கையும் கிளாரிட்டியையும் இந்தக் கட்டத்தில் ஏற்றாதீர்கள். துளைகளையும் பருக்களையும் நீங்களே பெரிதாக்கிவிட்டுப் பிறகு அழிக்க உட்கார வேண்டிவரும். க்ராப் கடைசியில். போட்டோஷாப்புக்கு 16 பிட்டில் அனுப்புங்கள், 8 பிட்டில் கன்னத்து நிழல்கள் பட்டை பட்டையாக உடையும்.

அடுத்து லேயர் அடுக்கை ஒரு ஆக்‌ஷனாகப் (படிகளைத் தானே திரும்பச் செய்யும் பதிவு) பதிவு செய்து ஒரு விசையில் வையுங்கள். அடியிலிருந்து மேலே: ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலம் கெடாமல் திருத்தக்கூடிய வடிவம்) மாற்றிய மூலப்படம் (லிக்விஃபை இதில்தான், ஹீலிங்குக்கு முன்பே), ஹீலிங்குக்குக் காலி லேயர், கறுப்பு மாஸ்க்குடன் (விளைவை மறைக்கும் திரை; வெள்ளை பூசிய இடத்தில் மட்டும் விளைவு தெரியும்) வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் இரண்டு கர்வ்ஸ் லேயர்கள், நிறத்துக்கு ஹியூ சாச்சுரேஷன், எல்லாவற்றுக்கும் மேலே உதவி லேயர்கள் (திட்டுகளைக் காட்ட மட்டும், பிறகு அணைத்துவிட வேண்டியவை).

ஹீலிங்கில் சாம்பிள் "கரன்ட் அண்ட் பிலோ" என்று இருக்க வேண்டும். பிரஷ் பருவைவிடச் சற்றே பெரியதாக, ஓரம் கடினமாக இருக்கட்டும். மென்மையான ஓரம் சுற்றியுள்ள தோல் துளைகளை மங்கடிக்கும். மாதிரியைப் பக்கத்திலிருந்தே எடுங்கள், நெற்றித் தோலும் கன்னத் தோலும் ஒன்றல்ல. முடியோரத்திலும் உதட்டோரத்திலும் ஹீலிங் பிரஷ் அங்குள்ள கருமையை இழுத்துக் கறையாக்கும், அங்கே குளோன் ஸ்டாம்ப் (கலக்காமல் அப்படியே நகலெடுக்கும் கருவி). வெளிறிய பின்னணியில் பறக்கும் கறுப்பு முடிக்கு குளோனை "லைட்டன்" முறையில் வைத்தால் பின்னணி அதிகம் கெடாது. பரு போகலாம், மச்சம், தழும்பு என்றால் படத்துக்குரியவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இனிதான் உண்மையான ரீடச்சிங்: டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது இருண்ட திட்டுகளை வெளுப்பதும் வெளிறியவற்றை இருட்டாக்குவதும். ஒரு கர்வின் நடுப்புள்ளியைச் சற்று ஏற்றியும் இன்னொன்றில் சற்று இறக்கியும் வையுங்கள். மாஸ்க்கில் வெள்ளை பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவலில் பதியும் அளவு) 2 அல்லது 3 சதவீதம், ஓரம் முழு மென்மை, அளவு அந்தத் திட்டின் அளவே. படத்தை 100 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்காதீர்கள். 50 சதவீதத்தில் கண்ணை உறுத்தாத திட்டை யாரும் பார்க்கப்போவதில்லை.

திட்டுகளைக் கண்டுபிடிக்கப் பலர் பிளாக் அண்ட் வொயிட் லேயரைப் போட்டு சிவப்பு ஸ்லைடரை இறக்குவார்கள். அது பொய் சொல்லும். வெறும் சிவப்பான இடமும் இருட்டாகத் தெரியும், நீங்கள் அதை வெளுப்பீர்கள், உதவி லேயரை அணைத்ததும் பளிச்சென்ற இளஞ்சிவப்புத் தேமல் நிற்கும். பதிலாக, சாம்பல் நிற சாலிட் கலர் லேயரை "கலர்" பிளெண்ட் முறையில் வைத்து, அதன்மேல் கான்ட்ராஸ்ட் கூட்டும் ஒரு கர்வ் போடுங்கள். அப்போது வெளிச்ச வித்தியாசம் மட்டுமே தெரியும்.

மிஞ்சும் சிவப்பை ஹியூ சாச்சுரேஷனில் பிடிக்கலாம். "ரெட்ஸ்" தேர்ந்து, ஹியூவைத் தற்காலிகமாக ஒரு கோடிக்குத் தள்ளுங்கள். மூக்கு, காது ஓரச் சிவப்பு மட்டும் நிறம் மாறித் தெரியும்வரை கீழேயுள்ள எல்லைக் குமிழ்களைக் குறுக்குங்கள். பிறகு ஹியூவை +5, +8 அளவுக்குக் கொண்டுவந்தால் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்து தோலோடு கலந்துவிடும். உதட்டை மாஸ்க்கில் விலக்க மறக்க வேண்டாம்.

தோலின் நுணுக்கத்தை ஒரு லேயரிலும் நிறத்தையும் நிழலையும் இன்னொன்றிலும் பிரிக்கும் ஃப்ரீக்வன்சி செபரேஷன் வேண்டாமா? முழு முகத்துக்கும் வேண்டாம் என்பதே என் கருத்து. வேகம்தான், ஆனால் தாடையோரத்தில் நிழலும் வெளிச்சமும் கலங்கி முகம் மெழுகாகிவிடும். துணிச் சுருக்கத்துக்கும் நெற்றிப் பளபளப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். 16 பிட்டில் அப்ளை இமேஜ்: ஆட், இன்வர்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. 8 பிட்டில்: சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. இரண்டிலும் மேல் லேயர் லீனியர் லைட். இரு லேயர்களையும் சேர்த்து அணைத்து ஏற்றினால் படம் மாறவே கூடாது, மாறினால் எண்கள் தவறு.

கண்ணுக்குக் கீழுள்ள கருமையை முழுதாக எடுக்காதீர்கள், பாதி குறைத்தால் போதும். கண் வெள்ளையில் வெளிச்சத்தைத் தொடாமல் சாச்சுரேஷனை மட்டும் குறையுங்கள்.

பல படங்கள் இருந்தால் ஒன்றை முழுதாக முடித்து அடுத்ததுக்குப் போகாமல், எல்லாவற்றுக்கும் ஹீலிங், பிறகு எல்லாவற்றுக்கும் டாட்ஜ் என்று போங்கள். கையும் விசைகளும் ஒரே கருவியில் ஓடும், படங்களுக்கிடையே தோல் நிறமும் ஒத்துப்போகும்.

முடிவில் லேயர்களோடு சேமித்துவிட்டு, ஒரு நகலை மட்டும் தட்டையாக்கி, க்ராப் செய்து, அளவு குறைத்து, அதன்பிறகே ஷார்ப்பன் செய்யுங்கள். அதுவும் கண், இமை, உதடு, முடிக்கு மட்டும் மாஸ்க் போட்டு. இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்புக்கு மாற்றியே ஜேபெக் எடுங்கள், இல்லையென்றால் சில திரைகளில் தோல் வெளிறிப்போகும்.