பீராவோட பாக்கெட்ல இருந்த கடிதம்

வணக்கம் அண்ணா,
கார் ரேஸ் ஓட்டின சயாம் (இப்போ தாய்லாந்து) இளவரசர் பீரா பத்தி எழுதியிருந்தீங்க. அரண்மனைப் பணம், கார் வாங்கித் தர அண்ணன், லண்டன் வாழ்க்கை. இவருக்காக நாம ஏன் வருத்தப்படணும்?
– வாசகர், திருச்சி

தம்பி,

பணம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா நீ அண்ணன்னு சொல்ற இளவரசர் சுலா அவருக்கு அண்ணன் இல்லப்பா. சுலாவோட தாத்தா சுலாலங்கோர்ன் ராஜா, பீராவோட அப்பா அந்த ராஜாவுக்குத் தம்பி, அப்போ முறைப்படி பீராதான் சித்தப்பா! வயசுல மட்டும் சுலா ஆறு வருஷம் மூத்தவர். பீராவுக்கு சின்னதுலயே அம்மா போயாச்சு, 1927ல ஈட்டன் ஸ்கூல்ல படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புறாங்க, மறுவருஷமே ஊர்ல அப்பாவும் இறந்துட்டார். அதுக்கப்புறம் சுலாதான் எல்லாமே.

அந்த சுலாதான் 1935ல, பீராவோட 21வது பொறந்தநாளுக்கு, ரோமுலஸ்னு பேர் வச்ச, ஈஆர்ஏங்கிற பிரிட்டிஷ் கம்பெனியோட ரேஸ் கார வாங்கிக் குடுத்தார். பக்கவாட்டுல ஒரு சின்ன வெள்ளை எலி வரைஞ்சிருக்கும், ஏன்னா சுலாவோட செல்லப்பேரு நூ, தாய்லாந்து மொழில எலி. இன்னொரு காருக்குப் பேரு அனுமான். அதே ஈஆர்ஏ கார வாங்கின பணக்காரங்க எத்தனையோ பேர் இருந்தாங்க தம்பி, ஆனா பிரிட்டிஷ் ரேசிங் டிரைவர்ஸ் கிளப்போட கோல்டு ஸ்டார் விருத 1936, 37, 38னு வரிசையா மூணு வருஷம் வாங்கினது இவர்தான், இது காசு குடுத்து வாங்குற சாமான் இல்ல. நடுவுல சிற்பம் வேற கத்துக்கிட்டார். 1939ல பாங்காக்லயே ரேஸ் நடத்த ஏற்பாடெல்லாம் ஆச்சு, போர் வந்து எல்லாம் போச்சு. சொந்த ஊர் ஜனங்க முன்னாடி ஓட்டியிருக்க வேண்டியவர், எனக்கு அதுதான் ரொம்ப வலிக்குது.

போருக்கப்புறம் ஃபார்முலா ஒன்ல 19 ரேஸ், அப்புறம் பாய்மரப் படகுல நாலு ஒலிம்பிக்ஸ்.

1985 டிசம்பர் 23, லண்டன்ல பேரன்ஸ் கோர்ட் பாதாள ரயில் ஸ்டேஷன்ல மாரடைப்பு வந்து விழுந்துட்டார். அவர் கோப்பை தூக்கின ஊரு, யாருன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. பாக்கெட்ல தாய்லாந்து எழுத்துல ஒரு கடிதம். போலீஸ்காரங்களுக்குப் படிக்கத் தெரியாம லண்டன் யுனிவர்சிட்டிக்கு அனுப்பி வாசிச்சுப் பாத்தப்புறம்தான், அது இளவரசர் பீராவுக்கு வந்த கடிதம்னு தெரிஞ்சுது, தாய்லாந்து தூதரகத்துக்குத் தகவல் போச்சு.